பிரிக்காத பெட்டியில் முடங்கும் முதல்



விடியற்காலையில் கடை திறந்து, வாசல் தெளித்து, சாமி படத்துக்கு ஊதுபத்தி ஏற்றியதும் நம்மில் பலர் அடுத்துச் செய்வது சுப்ரபாதம் போடுவதுதான். எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மையார் பாடிய அந்த வேங்கடேச சுப்ரபாதம் 1963-ல் இசைத்தட்டாக வெளிவந்தது. எங்கள் வீட்டுக் கணக்கைச் சொல்கிறேன். என் தகப்பனார் அதை இசைத்தட்டாக வாங்கினார். பிறகு நான் கேசட்டாக வாங்கினேன். நாடா சிக்கி அறுந்ததும் இன்னொரு கேசட். அதன்பின் சி.டி. ஒரே அம்மா, ஒரே குரல், ஒரே பாட்டு. நான்கு முறை கல்லாவிலிருந்து பணம் எடுத்துக் கொடுத்திருக்கிறோம். ஏமாந்துவிட்டோம் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. தட்டு தேய்ந்தது, நாடா அறுந்தது, புதிதாக வாங்கினோம். உப்பு தீர்ந்தால் உப்பு வாங்குகிற மாதிரி.

இந்தப் பழைய சங்கதியைக் கிளற ஒரு காரணம் உண்டு. சென்ற மாதம் நம் சங்கத்தைச் சேர்ந்த ஓர் இளைய வியாபாரி என் கடைக்கு வந்தான். தகப்பனார் காலத்து மளிகைக் கடையைச் சுறுசுறுப்பாக நடத்துகிற பிள்ளை. "அண்ணாச்சி, நீங்கள் இங்கிலீஷ் பாட்டுப் பெட்டிகள் சேர்க்கிறவராச்சே, ஒரு யோசனை சொல்லுங்க" என்றான். வெளிநாட்டு இசைக் குழுக்களின் பழைய ஆல்பங்களை டீலக்ஸ் பெட்டியாக மறுபடி வெளியிடுகிறார்கள் அல்லவா, அதில் 2 லட்சம் ரூபாய்க்கு வாங்கி, பிரிக்காமல் வைத்திருந்து, ஐந்து வருடம் கழித்து விற்றால் இரட்டிப்பாகுமாமே என்று கேட்டான். அந்த 2 லட்சம் எங்கிருந்து வருகிறது என்றேன். கடை முதலிலிருந்துதான் என்றான். அவனுக்கு அன்று சொன்னதையும், சொல்லக் கூச்சப்பட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. துவரம்பருப்பு விற்கிறவனுக்கும் பீட்டில்ஸ் குழுவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் உண்டு. 1980-களில் செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரத்துக்கு வாரம் இரண்டு நாள் சரக்கு கொண்டு போவேன். ஒத்தவாடைத் தெருவில் வெள்ளைக்காரர்கள் தங்கும் சிறு லாட்ஜுகளும் சாப்பாட்டுக் கடைகளும் அப்போதே இருந்தன. ஊருக்குத் திரும்புகிறவர்கள் படித்த புத்தகம், கேட்ட கேசட், கிழிந்த பை எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போவார்கள். ஒரு லாட்ஜ்காரர் அந்தக் கேசட்டுகளை பிஸ்கட் தகரத்தில் போட்டு வைத்திருந்தார். ஒரு நாள் கணக்குத் தீர்க்கும்போது சில்லறை இல்லை. "பாக்கி பத்து ரூபாய்க்கு இதை வச்சுக்குங்க அண்ணாச்சி" என்று ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பீட்டில்ஸ் குழுவின் 'அபே ரோடு', 1969-ல் வந்த ஆல்பம். ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனாலும் கடை சாத்தியபின் கணக்கு எழுதும் நேரத்துக்கு அது பொருத்தமாக இருந்தது. அப்படி ஒட்டிக்கொண்ட பழக்கம்தான்.

இந்த நான்கு பேருக்கும் நம் நாட்டுக்கும் தொடர்பு உண்டு. 1968 பிப்ரவரியில் மகரிஷி மகேஷ் யோகியிடம் தியானம் பயில ரிஷிகேசம் வந்தார்கள். அங்கே இருந்த நாட்களில் நிறையப் பாட்டுகள் கட்டினார்கள். அவற்றில் பலவும் அந்த ஆண்டு நவம்பரில் வந்த இரட்டை இசைத்தட்டில் இடம்பெற்றன. வெறும் வெள்ளை அட்டை என்பதால் 'ஒயிட் ஆல்பம்' என்று பெயர் நிலைத்துவிட்டது. 1970-ல் குழு பிரிந்தது. ஜான் லெனன் 1980-லும் ஜார்ஜ் ஹாரிசன் 2001-லும் காலமாகிவிட்டார்கள். ஆக, 1970-க்குப் பிறகு இந்தச் சரக்கில் பெரிதாகப் புது வரத்து கிடையாது. வரத்து நின்றுபோன சரக்கை வைத்து 50 வருடத்துக்கு மேல் வியாபாரம் நடத்துகிறார்கள் என்றால், அதை ஒரு வியாபாரி கவனிக்காமல் இருக்க முடியுமா?

எப்படி நடத்துகிறார்கள்? 2009 செப்டம்பரில் எல்லா ஆல்பங்களையும் ஒலி சுத்தம் செய்து பெட்டியாகப் போட்டார்கள். 2017-ல் 'சார்ஜென்ட் பெப்பர்' ஆல்பத்துக்கு 50 வயது ஆனதும் அதற்கு ஒரு பெரிய பெட்டி. 2018-ல் 'ஒயிட் ஆல்பம்', 2019-ல் 'அபே ரோடு', 2021-ல் 'லெட் இட் பி', 2022-ல் 'ரிவால்வர்'. நாம் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கொள்முதல் செய்வது போல அவர்கள் ஆண்டு நிறைவுக்குக் கொள்முதல் செய்கிறார்கள்.

உள்ளே என்ன இருக்கிறது என்பதுதான் முக்கியம். 2018-ல் வந்த 'ஒயிட் ஆல்பம்' பெரிய பெட்டியில் ஆறு சி.டி., ஒரு புளூ-ரே, 164 பக்கத்தில் கெட்டி அட்டைப் புத்தகம். பழைய ஆல்பம் அதில் இரண்டே சி.டி.தான். மற்றவை, ஸ்டூடியோவில் பாடிப் பார்த்துத் தள்ளியவை, ஹாரிசனின் ஈஷர் வீட்டில் கிட்டாரை வைத்துக்கொண்டு மாதிரிக்குப் பாடிப் பதிவு செய்த 27 பாட்டுகள். பழைய ஆல்பத்தையும் அப்படியே தரவில்லை. இதில் இரண்டு சொற்களை நம் பாஷையில் சொல்லிவிடுகிறேன். 'ரீமாஸ்டர்' என்றால் ஏற்கெனவே அரைத்த அரிசியை மறுபடி சலித்துக் கல் பொறுக்கிப் பாலீஷ் போடுவது. 'ரீமிக்ஸ்' என்றால் நெல் மூட்டைக்கே திரும்பிப் போய் மறுபடி அரைப்பது. அதாவது குரல் தனி, கிட்டார் தனி, டிரம்ஸ் தனி என்று பதிவான மூல நாடாக்களை எடுத்துப் புதிதாகச் சேர்ப்பது. முன்பு இந்தக் குழுவுக்கு ஒலிப்பதிவை நடத்திய ஜார்ஜ் மார்ட்டினின் மகன் ஜைல்ஸ் மார்ட்டின் இந்த வேலையைச் செய்தார். தகப்பன் கடையை மகன் எடுத்து நடத்துவது அங்கேயும் உண்டு!

மூட்டையோடு கிடந்த தள்ளுபடிச் சரக்கை இப்போது ஏன் வெளியே எடுக்கிறார்கள் என்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பாட்டுக்கும் காலாவதித் தேதி உண்டு. நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஓர் ஒலிப்பதிவுக்கு உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 வருடம். ஐரோப்பாவில் 50 என்று இருந்ததை 70 ஆக்கினார்கள். ஆனால் வெளியிடாமல் பீரோவில் பூட்டி வைத்த பதிவுக்கு அந்த நீட்டிப்பு கிடையாது. 50 வருடத்துக்குள் சந்தைக்கு வரவேண்டும். 2013 டிசம்பரில், 1963-ல் பதிவாகி வெளிவராமல் கிடந்த 59 பீட்டில்ஸ் பாட்டுகளைத் திடீரென்று இணையத்தில் விற்பனைக்கு விட்டார்கள். உரிமை கைவிட்டுப் போகாமல் இருக்கத்தான் என்று பத்திரிகைகள் அப்போதே எழுதின. ஐம்பதாம் ஆண்டு விழா என்பது கொண்டாட்டம் மட்டுமல்ல, தேதி முடிவதற்குள் சரக்கைத் தள்ளுவதும்தான்.

இதைக் குற்றமாகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். இதில் அவர்கள் யோக்கியமாகவே நடக்கிறார்கள் என்பது என் கருத்து. பெட்டியின் பின்புறம் பாருங்கள். எந்தத் தட்டில் எத்தனை பாட்டு, எது பழையது, எது புதிதாகச் சேர்த்தது, எந்தத் தேதியில் எந்த ஸ்டூடியோவில் பாடியது என்று எல்லாம் அச்சிட்டிருக்கும். வட்டத்துக்குள் 'பி' என்ற ஆங்கில எழுத்துப் போட்டு ஓர் ஆண்டு இருக்கும். அது ஒலிப்பதிவு வெளியான ஆண்டு. நாம் பொட்டலத்தில் நிகர எடையும் பொட்டலமிட்ட மாதமும் இல்லாவிட்டால் அபராதம் கட்டுகிறோமே, அதற்கு ஈடான லேபிள் அது. பழைய சரக்குக்குக் கூடுதல் விலை கேட்கிறவன் கூடுதலாக என்ன தருகிறான் என்று எழுதித் தருகிறான். நம்மிடம் வரும் சில கம்பெனி பிஸ்கட் பாக்கெட்டுகள் அதே விலை, அதே படம், உள்ளே கிராம் மட்டும் குறைவு என்று வருகின்றன. வாடிக்கையாளர் நம்மைத்தான் முறைக்கிறார். அதைவிட இது எவ்வளவோ மேல்.

நம் ஊர்ப் பாட்டு விஷயத்தில்தான் எனக்குக் குறை. பாட்டு வியாபாரத்தில் மளிகைக் கடைக்காரனுக்கும் பங்கு உண்டு என்பது இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. 1980-கள் வரை இசைத்தட்டு என்பது பெரிய கடையில், பெரிய வீட்டுக்காரர் வாங்கும் பொருள். டெல்லி தரியாகஞ்சில் பழச்சாறு கடை நடத்திய குடும்பத்தில் பிறந்த குல்ஷன் குமார் டி-சீரிஸ் கேசட்டை மலிவு விலைக்குப் போட்டு, பெட்டிக் கடை, மளிகைக் கடை, பீடா கடை என்று எல்லா வாசலிலும் தொங்கவிட்டார். சோப்பு, ஷாம்பு விற்கும் வழியிலேயே பாட்டையும் விற்றார். நம் பக்கம் அதோடு ரெக்கார்டிங் சென்டர்கள். வெற்றுக் கேசட்டும், துண்டுச் சீட்டில் பாட்டுப் பட்டியலும் கொண்டுபோய்க் கொடுத்தால் இரண்டு நாளில் பதிந்து தருவார்கள். உரிமைக்காரருக்குக் காசு போகாத வியாபாரம் அது, நியாயப்படுத்த முடியாது. ஆனால் இளையராஜா பாட்டை ஊர் ஊராகக் கொண்டு சேர்த்ததில் அதற்கும் பங்கு உண்டு. நானே என் கடையில் கேசட் அட்டை ஒன்றை மஞ்சள்தூள் சரத்துக்குப் பக்கத்தில் தொங்கவிட்டிருந்தேன். மஞ்சள்தூள் விற்ற அளவு கேசட் விற்கவில்லை என்பது வேறு கதை.

இப்போது நம் நாட்டில் பழைய பாட்டை மறுபடி விற்பதில் பெரிய வெற்றி சரிகம கம்பெனியின் 'கேரவான்'. முன்பு எச்.எம்.வி. என்று நாம் அறிந்த அதே கிராமபோன் கம்பெனிதான், 2000-ல் பெயர் மாறியது. 2017-ல் பழைய ரேடியோ வடிவத்தில் 5,000 பாட்டுகளை அடைத்துக் கொண்டுவந்தார்கள். தமிழுக்கும் தனியாக வந்தது. பிள்ளைகள் வாங்கி அப்பா அம்மாவுக்குக் கொடுத்தார்கள். கெட்டிக்காரத்தனமான வியாபாரம், மறுக்கவில்லை. பொத்தானைத் திருப்பினால் டி.எம்.எஸ்., இன்னொரு திருப்பில் சுசீலா. கண் மங்கிய பெரியவர்களுக்கு அதுதான் வசதி. ஆனால் அந்தப் பாட்டுக்குப் புல்லாங்குழல் வாசித்தது யார், எந்த ஸ்டூடியோ, முதலில் பாடிப் பார்த்தபோது எப்படி இருந்தது என்று ஒரு புத்தகம் போட்டுத் தாருங்களேன், கூடுதல் விலை கொடுக்க நான் இருக்கிறேன். விஸ்வநாதன் ராமமூர்த்தி காலத்து ஒத்திகை நாடாக்களை இந்த மாதிரி ஒரு பெட்டியில் அடுக்கிக் கொடுத்தால் கடையைச் சாத்திவிட்டு வரிசையில் நிற்கமாட்டோமா? லிவர்பூல்காரன் தள்ளிய பாட்டுக்கு இருக்கும் மரியாதை நம் கலைஞர்கள் தேர்ந்தெடுத்துக் கொடுத்த பாட்டுக்காவது வேண்டும்.

சரி, தம்பியின் 2 லட்சத்துக்கு வருகிறேன்.

பிரிக்காமல் வைத்தால் விலை ஏறும் என்று சொல்கிறவர்கள் காட்டும் உதாரணம் ஒன்று உண்டு. 1968-ல் வந்த 'ஒயிட் ஆல்பம்' ஒவ்வொன்றிலும் வரிசை எண் அச்சிட்டிருந்தார்கள். முதலாம் எண் பிரதி குழுவின் டிரம்ஸ் கலைஞர் ரிங்கோ ஸ்டாரிடமே இருந்தது. 2015 டிசம்பரில் ஏலத்தில் 7,90,000 டாலருக்குப் போனது. உண்மைதான். ஆனால் அது முதலாம் எண், ரிங்கோ கையிலிருந்து வந்தது. நமக்குத் தபாலில் வருவதும் எண் போட்டதுதான். எண் போட்ட எல்லாம் ரிங்கோ வீட்டுச் சரக்காகிவிடாது.

'குறைந்த பிரதிகள் மட்டுமே' என்ற வார்த்தையையும் வியாபாரிக் காதோடு கேட்க வேண்டும். அச்சு யாரிடம் இருக்கிறது? கம்பெனியிடம். 2009-ல் வந்த மோனோ பெட்டியைக் குறைந்த எண்ணிக்கையில்தான் போடுவதாக முதலில் சொன்னார்கள். கேட்பு அதிகமானதும் மேலும் போட்டார்கள். பதுக்கியவன் விலை ஏற்றி வைத்திருக்கும்போது மில்காரன் லாரி லாரியாக இறக்கினால் என்ன ஆகும் என்று நமக்குச் சொல்லித் தரவேண்டுமா? ஏறுகிற பெட்டிகளும் உண்டு. எது ஏறும் என்று வாங்கும் அன்று தெரியாது என்பதுதான் தொல்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு லட்சம் ரூபாய் எண்ணெயிலும் பருப்பிலும் இருக்கிறது. 20 நாளைக்கு ஒரு சுற்று என்றால் வருடத்துக்கு 18 சுற்று. எல்லாச் செலவும் போகச் சுற்றுக்கு 2 சதவீதம் நின்றால்கூட 36,000 ரூபாய். ஐந்து வருடத்தில் 1,80,000. ஆக ஒரு லட்சத்துக்கு வாங்கிய பெட்டிகள் ஐந்து வருடம் கழித்து 2,80,000-க்குப் போனால்தான் பருப்புக்குச் சமம். இரட்டிப்பானாலும் நஷ்டம். இதில் வாங்கும்போது சுங்க வரியும், விற்கும்போது தரகும், உடையாமல் அனுப்பும் செலவும் சேர்க்கவில்லை. அந்தத் தம்பியிடம் இந்தக் கணக்கைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டான். முகம் தெளியவில்லை.

அவனிடம் சொல்லாமல் விட்டது இதுதான். 2018-ல் 'ஒயிட் ஆல்பம்' வந்தபோது நான் இரண்டு வாங்கினேன். சி.டி. பெட்டி ஒன்று கேட்க. நான்கு இசைத்தட்டு கொண்ட பெட்டி ஒன்று, பிரிக்காமல் வைக்க. அந்த வருடப் பொங்கல் வெல்லத்துக்கு ஒதுக்கிய பணத்தில் கை வைத்தேன் என்பதை வீட்டில்கூடச் சொல்லவில்லை. கடை மேல்தளத்து ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, சாக்குக் கட்டுகளுக்குப் பின்னால் பத்திரமாக வைத்தேன். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. மளிகைக்கு அனுமதி இருந்தது, ஆனால் மொத்தக் கடையில் கடன் நின்றுபோனது. ரொக்கம் வைத்தால்தான் மூட்டை இறங்கும். ஒரு வாரம் திண்டாடினேன். மேலே இருப்பதை விற்றுவிடலாம் என்று சேகரிப்பாளர் ஒருவருக்குப் படம் எடுத்து அனுப்பினேன். அவர் சொன்ன விலை என் அடக்கவிலையில் பாதி. அதையும் ஊரடங்கு முடிந்து பார்க்கலாம் என்றார்.

கோபத்தில் பெட்டியைப் பிரித்தேன். அட்டை மூலையில் பூஞ்சை. மேலே சுற்றியிருந்த கண்ணாடிக் காகிதம் சித்திரை வெயிலில் சுருங்கி இறுகி, அட்டையையே வளைத்திருந்தது. தட்டுகளைப் படுக்க வைத்து மேலே ஊறுகாய்ப் பெட்டி வேறு ஏற்றியிருந்தேன். நான்கில் இரண்டு தட்டு அப்பளம் மாதிரி. புளியையும் வெல்லத்தையும் எப்படி வைப்பது என்று 30 வருடமாகத் தெரிந்தவன், இதை வைக்கத் தெரியாமல் வைத்தேன். வினைல் தட்டைப் புத்தகம் போல நிமிர்த்தி வைக்க வேண்டும், பாரம் ஏற்றக் கூடாது, வெயிலும் ஈரமும் ஆகாது, சுற்றிய காகிதத்தைப் பிரித்துவிட வேண்டும். அதாவது பத்திரமாக இருக்க வேண்டுமானால் பிரிக்க வேண்டும், விலை ஏற வேண்டுமானால் பிரிக்கக் கூடாது! குளிர்சாதன அறை இருக்கிற ஊர்க்காரனுக்கு இரண்டும் நடக்கலாம். செங்கல்பட்டு வெயிலுக்கு நடக்காது. மாமல்லபுரம், கோவளம் பக்கத்துக் கடைக்காரர்களுக்கு இன்னும் மோசம்; ஷட்டர் இரும்பையே தின்கிற உப்புக் காற்று அட்டைப் பெட்டியை விட்டுவைக்குமா?

ஆசைக்கு வாங்குகிறவரை நான் தடுக்கவில்லை. வீட்டுச் செலவுக் கணக்கில் எழுதி, ஒரு பெட்டி வாங்கி, அன்றைக்கே பிரித்து, புத்தகத்தைப் படித்து, தட்டைப் போட்டுக் கேளுங்கள். கொடுத்த காசு அன்றே தேறிவிடும். மூன்று வேறு விதமாகப் பாடிப் பார்த்து நான்காவதை எப்படிப் பிடித்தார்கள் என்று கேட்பது பெரிய சந்தோஷம். கடை முதலில் கை வைத்து, கடை இருப்போடு சேர்த்து அதை அடுக்குவதைத்தான் வேண்டாம் என்கிறேன். சங்கத்து இளைஞர்கள் செருப்பு, கடிகாரம், பொம்மை என்று இதே மாதிரி 'லிமிடெட்' சரக்குகளில் பணம் போடுவதாகவும் கேள்விப்படுகிறேன். அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் இதைப் படித்தால் அந்தச் சுற்றுக் கணக்கை மட்டுமாவது எடுத்துக் காட்டட்டும்.

என் பெட்டி இப்போது வீட்டுக் கூடத்தில் நிமிர்ந்து நிற்கிறது. நல்லதாகத் தப்பிய இரண்டும் ஈஷர் வீட்டில் பாடிய மாதிரிப் பாட்டுகள் உள்ள தட்டுகள். ஞாயிறு மதியம் கடை சாத்தியபின் போட்டுக் கேட்கிறேன். அந்தத் தம்பியை வரும் ஞாயிறு சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறேன். வளைந்த இரண்டையும் எடுத்து வைத்திருக்கிறேன், அவனுக்குக் காட்ட.